கார் ஓட்டும்போது இடுப்பில் துப்பாக்கி உறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைத்துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, நிற்கும்போது பொருந்தியிருக்கும் உறை உட்கார்ந்ததும் ஏன் உறுத்துகிறது என்றே கேட்டிருந்தன. அவற்றுள் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இவை உரிமத்தோடும் பயிற்சியோடும் துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்கானவை.

கேள்வி: டல்லஸை அடுத்த ஃபிரிஸ்கோவில் வசிக்கிறேன். குடியுரிமை பெற்ற பிறகு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். டெக்சஸ் மாநில உரிமமும் இருக்கிறது. வலது இடுப்பில், கால்சட்டைக்கு உட்புறம் செருகும் உறையில் வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்குப் போய்வர நீண்ட நேரம் ஓட்ட வேண்டியிருப்பதால், கைப்பிடி விலாவில் குத்துகிறது. சீட் பெல்ட்டின் பக்கிள் உறையில் இடிக்கிறது. எனவே காரில் ஏறியதும் துப்பாக்கியை உருவி, இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பெட்டியில் போட்டுவிடுகிறேன். எந்த உறை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்?

பதில்: உறையைப் பற்றிப் பேசுவதற்கு முன், துப்பாக்கியை உருவி நடுப்பெட்டியில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் ஆபத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டாகிறது. அதிலும் உட்கார்ந்த நிலையில், இடுங்கிய இடத்தில், சட்டை நுனியும் சீட் பெல்ட்டும் குறுக்கே இருக்க, அதைத் திரும்ப உறைக்குள் செருகும்போதுதான் துணி விசையில் சிக்கித் தவறுதலாகச் சுடப்படுவதற்கு இடம் அதிகம். டெக்சஸ் சட்டமும் காருக்குள் வெளியே தெரியும்படி இருக்கும் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பெட்டியின் மூடி திறந்து கிடந்தால் நீங்கள் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்பீர்கள். ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது, வீட்டில் அணிந்தது முதல் வீடு திரும்பிக் கழற்றும் வரை கை வைக்க வேண்டிய தேவையே எழாத உறை. வசதியைச் சொகுசாக எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உறுத்தாத உறையை யாரும் நடுவழியில் கழற்றுவதில்லை என்பதால் வசதியையே நான் பாதுகாப்பின் முதல் பகுதியாகக் கருதுகிறேன்.

உட்காரும்போது உடலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. வயிறு முன்னே தள்ளி பெல்ட்டின் மேல் கவிகிறது. தொடை மேலெழுந்து வயிற்றை நெருங்குகிறது. நிற்கும்போது அளவாக இருந்த இடுப்புச் சுற்றளவும் கூடிவிடுகிறது. வலது இடுப்பிலுள்ள உறையின் அடிப்பகுதி இருக்கையின் மெத்தையில் ஊன்றிக்கொள்வதால், முழுத் துப்பாக்கியும் மேலே தள்ளப்பட்டுக் கைப்பிடி விலாவுக்கு ஏறுகிறது. இருக்கையின் பக்க மேடு வெளியிலிருந்து அதை உடலுக்குள் அழுத்துகிறது. க்ளாக் 19-இன் குழல் 102 மில்லிமீட்டர் நீளம். தோட்டாக்களுடன் எடை ஏறத்தாழ 850 கிராம். அவ்வளவு கனமும் நீளமும் உள்ள ஒன்று விலாவுக்கும் மெத்தைக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும்.

பக்கிள் இடிப்பதற்கு அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதே காரணம். சீட் பெல்ட் இடது தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பருகே பூட்டப்படுகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவரின் உறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இத்துறையினர் இடுப்பைக் கடிகார முகமாக வைத்து இடத்தைச் சொல்வது வழக்கம்: தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி, முதுகெலும்பு 6 மணி. உங்கள் உறை 3 மணியில் இருக்கிறது, பக்கிளும் அங்கேயே. அதை 4 மணிக்கு நகர்த்தினால் பக்கிள் விடுபடும்; ஆனால் கைப்பிடி இருக்கையின் முதுகுக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவே நசுங்கும். 6 மணியை நினைத்தே பார்க்க வேண்டாம். விபத்திலோ வழுக்கி விழுந்தாலோ முதுகெலும்புக்கு நேராக ஓர் இரும்புத் துண்டு இருக்கும் என்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

புதிதாக வாங்குமுன், இருப்பதைச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். நல்ல உறைகளில் கிளிப்பை மாட்டும் திருகுத் துளைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும். உறையை ஒரு துளை உயர்த்தினால் அதன் அடி மெத்தையில் ஊன்றுவது குறையும். அளவுக்கு மீறி உயர்த்தினால் நிற்கும்போது கைப்பிடி வெளிப்பக்கம் சாயும் என்பதால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கைப்பிடி முன்னோக்கிச் சாயும்படி சுமார் 15 பாகை கோணம் வைப்பதும் இடுப்புப் பக்க உறைக்கு நெடுங்காலமாக உள்ள வழக்கம். விலாவில் குத்துவதை அது ஓரளவு தணிக்கும்.

இவை போதாவிட்டால், முன்வயிற்றில் 1 மணி நிலையில் வைக்கும் உறையைப் பரிசீலியுங்கள். நீண்ட நேரம் ஓட்டுபவருக்கு இடுப்புப் பக்கத்தைவிட இந்த இடம் ஏற்றது என்பது என் கருத்து. பக்கிள், இருக்கையின் பக்க மேடு, முதுகுச் சாய்வு மூன்றும் இதைத் தொடுவதில்லை. ஆனால் இந்த நிலை எல்லோருடைய உடலுக்கும் ஒத்துவராது. வயிறு பெரிதாக இருப்பவருக்குக் கைப்பிடி வயிற்றில் புதையும், குழல் முனை தொடை மடிப்பில் அழுந்தும். உறையின் அடிப்பகுதியில், உடலைத் தொடும் பக்கத்தில் ஒட்டும் ஆப்பு வடிவப் பஞ்சு இந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் என்பதால் அதனோடு வரும் உறையையே தேர்ந்தெடுங்கள். உறை குட்டையாக இருந்தால் வசதி என்று பலர் எண்ணுகிறார்கள். அனுபவத்தில், மிகக் குட்டையான உறை பெல்ட்டுக்கு மேலே கனமாகி முன்னே கவிழ்கிறது. சற்று நீண்ட உறை பெல்ட்டுக்குக் கீழே ஊன்றி நிலையாக நிற்கிறது.

இந்த நிலையில் குழல் எப்போதும் உங்கள் உடலின் மிக முக்கியமான பகுதிகளை நோக்கியே இருக்கும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பு வளையத்தை முழுவதும் மூடும் கெட்டியான உறையைத் தவிர வேறெதையும் முன்வயிற்றில் வைக்கக் கூடாது என்கிறேன். கைடெக்ஸ் என்னும் வெப்பத்தில் வளைத்து வார்க்கும் பிளாஸ்டிக்கில், 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனில் செய்த உறைகள் இதற்கு ஏற்றவை. துப்பாக்கியை எடுத்த பின்னும் அவற்றின் வாய் திறந்தே நிற்கும். தோல் உறை உடலுக்கு இதமானது. ஆனால் தினமும் அணிந்து பழகிய தோலில் வியர்வை ஊறி, வாய் தளர்ந்து, மடிப்பு விழும். அந்த மடிப்பு விசைக்காப்பு வளையத்துக்குள் நுழைந்த நிலையில் காரில் உட்காரும்போது அழுத்தம் ஏற்பட்டால் துப்பாக்கி தானாகவே சுட்டுவிடக்கூடும். விசையிலேயே காப்பு அமைந்த, வெளியே தனியான பூட்டுவிசை இல்லாத க்ளாக் போன்ற துப்பாக்கிகளுக்கு இது மிகவும் பொருந்தும். உங்கள் உறை தோலால் ஆனதென்றால், வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே மடங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பெல்ட்டுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். ஒன்றரை அங்குல அகலமுள்ள, வளையாத பெல்ட் எடையை இடுப்பு முழுவதும் பகிர்ந்தளிக்கும். சாதாரண பெல்ட்டில் உறை தொங்கிச் சாய, அதைத் தாங்க நீங்கள் பெல்ட்டை மேலும் இறுக்க, உட்கார்ந்ததும் வயிறு பிசையும். உட்புறம் செருகும் உறை அணிவோர் கால்சட்டையை ஓர் அங்குலமாவது பெரிதாக வாங்க வேண்டும். இந்த எளிய மாற்றத்தோடு குறை தீர்ந்துபோனவர்களை என் பயிற்சி வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். துப்பாக்கி இருக்கிறதென்று பட்டையைக் கைப்பிடிக்கு மேலே ஏற்றி மாட்டாதீர்கள்; மோதலில் அது வயிற்றின் உள்ளுறுப்புகளை அறுக்கும். கைப்பிடிக்கு அடியில் பட்டை தாழ்ந்து செல்லவும், சட்டை அதற்குள் சிக்காமல் வெளியே இருக்கவும் செய்யுங்கள். எந்த நிலையிலும் பட்டை சரியாகப் படியவில்லை என்றால் மாற்ற வேண்டியது உறையின் இடம்தான்.

கடையில் நின்றபடி அணிந்து பார்ப்பதால் பயனில்லை. வீட்டில் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறொரு அறையில் வைத்துவிட்டு, அல்லது பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் சுடாத நீலநிறப் பிளாஸ்டிக் மாதிரியைச் செருகி, உங்கள் சொந்தக் காரில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிப் பாருங்கள். திரும்பிப் பின்னால் பாருங்கள், எட்டி எதையாவது எடுங்கள், இறங்கி ஏறுங்கள். முதல் பத்து நிமிடத்தில் தெரியாத உறுத்தல் அரை மணிக்குப் பின் தெரியும்.

ஓர் இடைக்குறிப்பு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் வாசகர்கள் இந்தப் பதிலைத் தமக்கும் உரியதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமமின்றியும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று வந்த சட்டம் இந்தத் தடையை நீக்கவில்லை.

கேள்வி: ஹியூஸ்டன் அருகே கேட்டியில் இருக்கிறேன். இரண்டு சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய். சல்வார் அணியும் நாட்களில் பெல்ட் மாட்ட வழியில்லை. துப்பாக்கிக்கென்று தனி அறை உள்ள கைப்பை விற்கிறார்கள். காரில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்ள அது வசதிதானே?

பதில்: வசதிதான், ஆனால் பிள்ளைகள் இருக்கும் காரில் அதை வேண்டாம் என்றே சொல்வேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடனில், கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாய் ஒருவரின் கைப்பையைத் திறந்து, அவருடைய இரண்டு வயது மகன் எடுத்த துப்பாக்கி சுட்டு அவர் இறந்தார். அந்தப் பையும் துப்பாக்கிக்கென்றே தனி அறையோடு செய்யப்பட்டதுதான். 2016 மார்ச்சில் ஃபுளோரிடாவில் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தாயை, பின்னிருக்கையிலிருந்த நான்கு வயது மகன் முதுகில் சுட்டான், அவர் பிழைத்தார். அடுத்த மாதம் மில்வாக்கியில், ஓடும் காரின் தரையில் சறுக்கி வந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்ததில், ஓட்டிக்கொண்டிருந்த தாய் உயிரிழந்தார். மூன்றிலுமே துப்பாக்கி எவருடைய உடலோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. பிரேக் போட்டால் பை முன்னே பறக்கும். எரிபொருள் போட இறங்கினால் பை உள்ளேயே இருந்துவிடும்.

பெல்ட் இல்லாத உடைக்கு, இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான மீள்துணிப் பட்டை உண்டு. அதில் வெறும் துணிப்பை மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். துணியின் மேலாகவே விசையை அழுத்திவிட முடியும். விசையை மூடும் கெட்டியான கூடு உள்ளே தைக்கப்பட்டதையோ, கைடெக்ஸ் உறையைத் தனியாகத் தாங்கும் பட்டையையோ தேடுங்கள். பட்டையைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, துப்பாக்கி 1 மணிக்கு வரும்படி கட்டினால் சல்வார் மேற்சட்டையின் தளர்வில் மறைந்துவிடும்; சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையும் அதற்கு அடியில் செல்லும். கனமான துப்பாக்கி பட்டையை இழுத்துச் சரித்துவிடும் என்பதால், ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற, அரைக் கிலோவுக்கும் குறைவான சிறு ரிவால்வர் இதற்குப் பொருந்தும். நீண்டு கனமாக அழுத்த வேண்டிய விசையும், தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் வெளியே துருத்தாத உடலும் அதற்கு இருப்பதும் எனக்குப் பிடித்த காரணங்கள்.

பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்ற மாநில அனுமதி இந்த இடத்தில் உங்களைக் காக்காது. தினமும் பள்ளி வாசல் வரை போகும் உங்களிடம் உரிமம் இல்லையென்றால், உறை வாங்குமுன் அதைப் பெறுங்கள்.

கேள்வி: சான் அன்டோனியோவிலிருந்து எழுதுகிறேன். நீண்ட பயணங்களில் தோளில் மாட்டும் உறை இதமாக இருக்கும் என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே காந்தத்தில் ஒட்டி வைக்கும் ஏற்பாடும் பார்த்தேன். இரண்டில் எது மேல்?

பதில்: காந்தம் கூடாது. விசை மூடப்படாமல் திறந்து கிடக்கிறது, மோதலில் துப்பாக்கி எங்கே போகும் என்று சொல்ல முடியாது, காரை விட்டு இறங்கும்போது மறதி வந்தால் திருடனுக்கு எடுத்துக் கொடுத்தது போலாகும்.

தோள் உறை இடுப்புக்கு உண்மையிலேயே ஓய்வு தரும். உட்கார்ந்த நிலையில் கைக்கும் எட்டும். ஆனால் கிடைமட்டமாகத் தொங்கும் வகையில் குழல் முனை பின்னோக்கி இருக்கும். உங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை நாள் முழுவதும் அது நோக்கிக்கொண்டிருக்கும். பின்னிருக்கையில் யாரேனும் வருவதுண்டு என்றால் குழல் தரையை நோக்கும் செங்குத்து வகையை மட்டுமே வாங்குங்கள். அதிலும், இடது தோள்வழி வரும் சீட் பெல்ட் உறையின் வாரோடு பின்னிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மேலே ஒரு ஜாக்கெட் இல்லாமல் இதை மறைக்க இயலாது. டெக்சஸ் கோடையில் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும், கழற்றினால் உறை வெளியே தெரியும். குளிர்காலப் பயணத்துக்கு என்றால் சரி.

எந்த உறையானாலும் பணப்பையை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துத் தீர்மானியுங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர், காவலர் காரை நிறுத்தியபோது தன்னிடம் துப்பாக்கி இருப்பதை முன்கூட்டியே சொல்லியும், கையை அசைத்தது துப்பாக்கிக்காக என்று காவலர் கருதியதால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது. உரிமங்களையும் கார் ஆவணங்களையும் உறை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், கை நீட்டுவது தெளிவாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். காவலர் நிறுத்தினால் இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, துப்பாக்கி இருக்கும் செய்தியைச் சொல்லி, அவர் சொன்ன பின்னரே அசையுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறையிலுள்ள தோட்டத்துக்கு அடிக்கடி ஓட்டிச் செல்பவன். உரிமம் பெற்ற .32 ரிவால்வர் இருக்கிறது. பழைய தோல் உறையை வேட்டி மேல் கட்டும் பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது முன்னும் பின்னும் நகர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உறை நகர்வதற்கு அந்த பெல்ட்டே காரணம். வேட்டிக்கு மேலே கட்டும் அகலமான பெல்ட், மடிப்புத் துணியின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கனத்தைத் தாங்கும் கால்சட்டை வளையங்களும் அதற்கு இல்லை. ஆழியாறிலிருந்து மேலேறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் உடல் இருபுறமும் சாயும்போது உறையும் சேர்ந்து ஓடும். துப்பாக்கியோடு மலையேறும் நாட்களில் வளையமுள்ள கால்சட்டையும், அந்த வளையங்களின் வழியே செல்லும் கெட்டியான பெல்ட்டும் அணியுங்கள்.

நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால், அமெரிக்க வாசகருக்கு நான் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் பக்கிள் இடது இடுப்பருகே இருக்கிறது. வலது இடுப்பில் தடையாக வருவது கதவும், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இருக்கையோடு இணையும் இடமும்தான். இடது இடுப்பில் வைத்து வலக்கையால் குறுக்கே எடுக்கும் உறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பக்கிளும், கியரையும் கைப்பிரேக்கையும் இயக்கும் இடக்கையும் அங்கே ஓயாமல் புழங்குவதால் மலைப்பாதைக்கு அது ஒவ்வாது. வலது இடுப்பெலும்புக்குச் சற்று முன்னே, ஏறத்தாழ 2 மணி நிலையில், உயரமாக நிற்கும் உறை உங்களுக்குச் சரியாக இருக்கும். கணுக்கால் உறை வேண்டாம். கிளட்ச் மிதிக்கும் காலில் அது பொருந்தாது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு இணைந்த உறையிலோ அதற்குரிய பையிலோதான் கொண்டு செல்ல வேண்டும், அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே சட்டையை உள்ளே செருகாமல் மேலே விட்டு, உறையின் அடி நுனியும் மூடப்படுகிறதா என்று பாருங்கள். சுத்தியலின் மேலாக வந்து பூட்டும் வார் உள்ள தோல் உறையைத் தேர்ந்தெடுங்கள். குலுக்கலில் ரிவால்வர் மேலெழாமல் அது பிடித்துக்கொள்ளும். வால்பாறை மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், தோட்டம் சேர்ந்ததும் ரிவால்வரைக் காலி செய்து, துடைத்து, உறைக்கு வெளியே பூட்டி வையுங்கள். உறையிலேயே விட்டுவைத்தால் ஒரே பருவமழையில் குழலின் மேற்பூச்சில் துரு பிடிக்கத் தொடங்கும்.